பெருக்கெண்

சோஹார் துறைமுகச் சாலையில்
பதினேழாம் எண் முகாம். ஜூலை.
ஸ்டீயரிங்கில் ஈரத்துண்டு சுற்றி ஓட்டினார் ஹமூத்.
என் மடியில் நாற்பது படிவங்கள்,
எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்:
கடந்த இருபத்தெட்டு நாட்களில்
ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ
வயிற்றுப்போக்கு உண்டா?

இல்லை, என்றார் இருளப்பன்.
இல்லை, என்றார் கபூர் கனி.
கீழ்க்கட்டிலில் சுருண்டு கிடந்த பையன்
போர்வைக்குள்ளிருந்தே இல்லை என்றான்.
தலைமாட்டில் உப்பும் சர்க்கரையும் கரைத்த பாட்டில்,
பாதி குடித்தது.
அது என்ன தம்பி?
ஜூஸ்.

கழிப்பறைக்குப் போகும் வழியில்
செருப்புகள் திசைக்கொன்றாய்க் கிடந்தன,
ஓடுகிற ஓட்டத்தில் உதறிய மாதிரி.
செருப்புகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மத்தியானச் சோறு
விடியற்காலை மூன்றுக்கே பொட்டலமாகிவிடும்.
பஸ்ஸின் அடிவயிற்றில் கொஞ்ச நேரம்,
பிறகு சாரத்தின் நிழலில், நிழல் நகர நகர வெயிலில்,
பன்னிரண்டரை வரை.
பிரித்தால் பருப்பின் மேல் சின்னதாய் நுரை.
நுரையை ஒதுக்கிச் சாப்பிடத் தெரிந்தவன் பழைய ஆள்.
மற்றவன் புது விசா.

தண்ணீர் கூலர் பக்கம் பின்னாலேயே வந்து
இருளப்பன் குரலைத் தாழ்த்தினார்.
"நீங்க எழுதினா மெஸ்ஸை மூடிருவாங்கம்மா.
போன தடவை ஆறு நாள்.
பன்னும் டீயும், அதுவும் சொந்தக் காசுல.
தில்பகதூரை ஊருக்கு ஏத்தி விட்டுட்டாங்க.
ஃப்ரிட்ஜ் ஓடலன்னு மூணு தடவ சொன்னதே அவன்தான்.
கிளினிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு.
வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேக்கணும்பாங்க.
வாயைக் கட்டிட்டோம்.
வயித்தைத்தான் கட்ட முடியல.
பூஜ்யம்னே போட்டுக்குங்க."

நாற்பது படிவம், நாற்பது பூஜ்யம்.

அலுவலக ஏ.சி. குளிரில்
அட்டவணையைத் திறக்கிறேன்.
சொல்லாதவர்களையும் கணக்கில் சேர்க்க
ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறோம்:
வந்து சொன்ன ஒருவனுக்கு
வராதவர்கள் இத்தனை பேர் என்று.
அதைக் கண்டுபிடித்த ஊரில்
வயிற்றுவலிக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு.
அங்கே ஒருவன் சொல்லாமல் இருந்தால்
அது சோம்பலாக இருக்கும்.
போகட்டும்.
எந்த எண்ணால் பெருக்கினாலும்
பூஜ்யம் பூஜ்யம்தான்.
நாலாம் வகுப்புப் பாடம் இது.
இதற்கு நான் கடல் தாண்டி வந்திருக்க வேண்டாம்.

உலகத்துக்கே போடுகிற பெரிய கணக்கில்
நோயையெல்லாம் இழந்த ஆண்டுகளாக மாற்றுவார்கள்.
அந்தப் பையனுக்காக
ஒரு தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு நாள் பேதி,
தசமப்புள்ளிக்குப் பின்னே ஒரு எடை,
கழித்துப் பெருக்கி வந்தது
ஒன்பது மணி நேரம்.
ஒரு ஷிஃப்ட்.
அதை இழக்கக்கூடாதென்றுதான்
மறுநாள் பாட்டிலோடு பஸ் ஏறியிருப்பான்.

பூஜ்யங்களை அழித்தேன்.
காலிக்கட்டத்தை மென்பொருள் ஏற்கவில்லை,
எண் கேட்டுச் சிவப்பாய்த் துடித்தது.
குறிப்பு என்ற இடத்தில் அடித்தேன்:
வழக்கமான சோதனை. சமையலறை ஃப்ரிட்ஜின் வெப்பநிலை பார்க்கவும்.
சாப்பாட்டு வண்டி கிளம்பும் நேரத்தை மாற்றவும்.
புகார் கொடுத்தவர் யாருமில்லை.

பிறகு கீழ்வரம்பில் பூஜ்யத்தைத் திரும்ப வைத்து
மேல்வரம்பில் பதின்மூன்று என்று போட்டேன்.
ஆதாரம்? என்றது திரை.
செருப்பு, என்று எழுதினேன்.
ஜோடி என்று சேர்த்தேன்.

இன்னும் சேமிக்கவில்லை.